முதலில் ஊசி, அப்புறம் டிக்கெட்



தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்தில் கிளம்பி 1856-ல் வந்து சேர்ந்தது நம் வாலாஜா ரோட்டுக்கு. அன்று பிடித்த பழக்கமோ என்னவோ, கையில் டிக்கெட் வந்துவிட்டால் பயணத்தின் பாதி வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் நாம். எத்தியோப்பியாவுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

ஏன் எத்தியோப்பியா என்று வெளியூர் வாசகர்கள் கேட்கலாம். ராணிப்பேட்டை சிப்காட்டிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் டேனரி வேலை பழகியவர்கள் போய்ச் சேரும் நாடுகளில் அதுவும் ஒன்று. இந்தியா 1973-ல் பச்சைத் தோல் ஏற்றுமதியை நிறுத்தியது. தோலாக விற்காமல் சரக்காகச் செய்து விற்க வேண்டும் என்பது நோக்கம். எத்தியோப்பியா அதே வழியில் 2008-ல் பச்சைத் தோலுக்கு 150 சதவீத ஏற்றுமதி வரி போட்டது. வரி போட்டால் மட்டும் போதுமா, பதனிடத் தெரிந்த கைகளும் வேண்டுமே. 2011-ல் அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அந்நாட்டுத் தோல் தொழில் நிறுவனத்துடன் கைகோத்தது.

இப்போது அங்கே வேலையில் இருப்பவர்களைப் பார்க்க மனைவிமார்களும் பெற்றோரும் கிளம்புகிறார்கள். எங்களுக்கு வரும் கடிதங்களில் முதல் கேள்வி எப்போதும் "விசா கிடைக்குமா?" என்பதுதான். இருப்பதிலேயே சுலபமான வேலை அதுதான் என்பேன்.

முதலில் பார்க்க வேண்டியது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. இது மஞ்சள் காமாலை அல்ல. கொசுவால் பரவும் வேறு நோய். வேடிக்கை என்னவென்றால், இங்கிருந்து நேரே போகிறவர்களுக்கு அந்த ஊசி அங்கே நுழைவதற்காக இல்லை, நம் நாட்டுக்குள் திரும்பி வருவதற்காக. இந்தியா வைத்திருக்கும் மஞ்சள் காய்ச்சல் நாடுகள் பட்டியலில் எத்தியோப்பியாவும் இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் மீனம்பாக்கத்தில் இறங்கியதும் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் சான்றிதழ் செல்லும். அதனால் கிளம்பும் வாரம் ஓடாதீர்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் சென்னைத் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். என்றைக்குப் போடுவார்கள் என்று விசாரித்து, முன்பதிவு செய்துகொண்டு, பாஸ்போர்ட்டோடு போங்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். அறுபது தாண்டியவர்களும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது. மகனைப் பார்க்கப் போகும் அம்மாக்களில் பாதிப் பேருக்கு அந்த வயதுதான் இருக்கும். ஆகவே டிக்கெட்டுக்கு முன்னால் மருத்துவர்.

சுற்றுலா விசாவுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். 'இவிசா டாட் கவ் டாட் ஈடி' என்பது அரசுத் தளம். அதைப் போலவே தோற்றமளித்து இரட்டைக் கட்டணம் வாங்கும் தளங்கள் ஏராளம். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். விண்ணப்பத்தில் எழுதும் வருகைத் தேதியும் டிக்கெட் தேதியும் ஒத்துப்போகட்டும். பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து அடியுங்கள். நமக்குக் குடும்பப் பெயர் இல்லாத சங்கடம் அந்த ஊர்க்காரர்களுக்கும் புரியும். அவர்களும் தம் பெயருக்குப் பின்னால் அப்பா பெயரைத்தான் போடுகிறார்கள். துபாய் வழியாகப் போய், அங்கே இறங்கி உறவினரைப் பார்க்க நினைப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு வருகை விசா தருவதில் ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து கறார் காட்டுகிறது.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "டூரிஸ்ட் விசாவில் போங்க, அங்கே மாத்திக்கலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வேலை அனுமதி கையில் இல்லாமல் டேனரிக்குள் கால் வைத்தால் மாட்டுவது நீங்கள்தான், ஏஜென்ட் அல்ல.

பெட்டி கட்டும்போது ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று எண்ண வேண்டாம். அடிஸ் அபாபா கிட்டத்தட்ட ராமேஸ்வரத்தின் அட்சரேகையில்தான் இருக்கிறது, ஆனால் ஊட்டியை விட உயரத்தில். ஸ்வெட்டர் கட்டாயம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, குடையும் வேண்டும். அந்த உயரத்தில் முதல் இரண்டு நாள் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும், பயப்பட வேண்டாம். தலைநகருக்குள் மலேரியா பயம் இல்லை. தாழ்வான பகுதிகளுக்குப் போவதானால் மருத்துவரிடம் மாத்திரை கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரம் சொல்வதில்தான் புதியவர்கள் திண்டாடுகிறார்கள். அவர்களுக்கு நாள் விடியலில் தொடங்குகிறது. நம் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. ஜாதகத்தில் உதயாதி நாழிகை பார்த்த குடும்பங்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஆனாலும் டிரைவர் "மூன்று மணிக்கு வருகிறேன்" என்றால் காலை ஒன்பதா, பகல் மூன்றா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். வருடத்துக்குப் பதின்மூன்று மாதம், ஆண்டுக் கணக்கும் நம்மைவிட ஏழெட்டு பின்னால்; நாம் 2000-ல் கொண்டாடிய புத்தாயிரப் பிறப்பை அவர்கள் 2007 செப்டம்பரில் கொண்டாடினார்கள். உள்ளூர் ரசீதில் பழைய வருடம் இருந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

சாப்பாட்டுக் கவலை வேண்டாம். இஞ்சேரா என்பது டெஃப் என்ற சிறுதானிய மாவைப் புளிக்கவைத்துச் சுடும் பெரிய தோசை. புளிப்பு நம் தோசையை விடத் தூக்கல்தான். புதனும் வெள்ளியும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு விரத நாள். அன்றைக்கு ஓட்டல்களில் பாலும் நெய்யும்கூடச் சேராத பருப்பு, கீரை வகைகள் ஒரே தட்டில் வரும். சைவர்கள் மற்ற நாளிலும் 'ட்ஸோம்' (விரதம்) என்று கேட்டுப் பார்க்கலாம். முஸ்லிம்களுக்கென்று தனி இறைச்சிக் கடைகளும் உணவகங்களும் உண்டு. மேல்விஷாரம் வாசகர்களுக்கு, ஹபஷா என்று அரபியில் சொல்லும் இந்த நாட்டையும் ஆதி முஸ்லிம்களுக்கு அடைக்கலம் தந்த நஜ்ஜாஷி மன்னரையும் நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவர் பெயரால் உள்ள பள்ளிவாசல் வடக்கே டிக்ரேயில் இருக்கிறது. 2020-ல் மூண்ட போரில் சேதமடைந்தது. அங்கேயோ, பாறை குடைந்த தேவாலயங்கள் உள்ள லாலிபெலாவுக்கோ போக ஆசைப்பட்டால், அந்த வார நிலவரத்தை இந்தியத் தூதரகத்தில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பணம் டாலராக இருக்கட்டும், வங்கியில் மாற்றி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். போனில் ஸ்கேன் செய்து கொடுக்கும் நம் பழக்கம் அங்கே பலிக்காது. டிரோன் கேமரா கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஊறுகாய், பொடி எல்லாம் செக்-இன் பெட்டியில், மாத்திரைகள் மருத்துவர் சீட்டோடு கைப்பையில்.

அடிஸ் அபாபாவிலும் டேனரிகள் உள்ள மோஜோவிலும் இருக்கும் நம் ஊர்க்காரர்களே, அரிசியும் உளுந்தும் எந்தக் கடையில் கிடைக்கும், வீட்டுக்கு வரும் பெரியவர்களை எந்த மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்