வெள்ளைத் துண்டு அசையும் வரை

மீன் பிடிப்பது ஆண்பிள்ளைகள் சமாசாரம், அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், அம்மணிகளே! குழம்பு கொதிப்பது உங்கள் அடுப்பில்தானே? அது மட்டுமில்லை, இந்த வாரம் நான் சொல்லப்போகிற போட்டியில் பெண்களும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆண்களுக்குச் சமமாகத் தண்ணீரில் இறங்குகிறார்கள்.

மாசி பிறந்துவிட்டால் திண்டுக்கல் சீமையில் குளங்களும் கண்மாய்களும் வற்ற ஆரம்பிக்கும். அறுப்பு வேலையும் பெரும்பாலும் முடிந்திருக்கும். அது முதல் வைகாசி வரையில் நத்தம் பக்கத்திலும், அதற்கு அப்பால் மேலூர், சிங்கம்புணரி, பொன்னமராவதிப் பக்கங்களிலும் ஊர் மாற்றி ஊர் மீன்பிடித் திருவிழா நடக்கும். செம்பட்டி நாற்சந்தியில் விடியற்காலையில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், சரக்கு வண்டியில் கூம்பு கூம்பாக மூங்கில் கூடைகளை அடுக்கிக்கொண்டு ஒரு கூட்டம் போவதைப் பார்த்தால் ஆச்சரியப்பட வேண்டாம். எந்த ஊர்க் கண்மாயிலோ அன்றைக்கு மீன்பிடி என்று அர்த்தம்.

அந்தக் கூடைக்குப் பெயர் ஊத்தா. அடி அகன்று, மேல்வாய் குறுகி, இரண்டு பக்கமும் திறந்திருக்கும். முழங்கால் தண்ணீரில் அதை அழுத்திக் குத்த வேண்டியது. உள்ளே மீன் சிக்கியிருந்தால் மூங்கிலில் மோதுவது கையில் தெரியும். மேல்வாய் வழியாகக் கையை விட்டு எடுக்க வேண்டியது. சொல்லும்போது சுலபம், கைக்குள் வந்த விரால் வழுக்கிக்கொண்டு போகும்போதுதான் தெரியும் அதன் சாமர்த்தியம்! ஊத்தா இல்லாதவர்கள் கச்சாவும் வலையும் கொண்டுவருவார்கள். அதுவும் இல்லாதவர்களுக்கு வேட்டியும் சேலையும் இருக்கவே இருக்கிறது.

பொழுது புலரும்போதே கரை கொள்ளாத ஜனக்கூட்டம். சாதி, மதம் பார்ப்பதில்லை. உள்ளூர், வெளியூர் என்றும் பார்ப்பதில்லை. எதிரே கலங்கிய தண்ணீரில் மீன் துள்ளுகிறது. ஒரு எட்டு வைத்தால் போதும், பிடித்துவிடலாம். ஆனாலும் ஒருவர் காலும் நனையவில்லை. ஏனென்றால் கரையில் இருக்கிற சாமிக்கு இன்னும் பூஜை முடியவில்லை. பூஜை முடிந்து, ஊர்ப் பெரியவர் மேட்டில் ஏறி நின்று, தோளில் இருக்கிற வெள்ளைத் துண்டை எடுத்து வீச வேண்டும். வீசிய மறு கணம் பாருங்கள், அத்தனை பேரும் ஒரே பாய்ச்சல்!

போட்டி என்று சொன்னேன். ஆனால் இதற்குக் கோப்பை கிடையாது, நடுவர் கிடையாது, எடை போடத் தராசுகூடக் கிடையாது. யார் வீட்டுக்குப் பெரிய மீன் போகிறது என்ற பெருமை ஒன்றுதான். காவலுக்கு யாரும் இல்லாத போட்டியில் இவ்வளவு கட்டுப்பாடு எப்படி வந்தது?

இதற்கு நேர்மாறான ஒரு கதையைக் கேளுங்கள். 2022 செப்டம்பரில், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்தில், ஈரி ஏரியில் பெரிய மீன்பிடிப் போட்டி ஒன்று நடந்தது. ஐந்து மீன்களின் மொத்த எடையில் யார் முந்துகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. பரிசுத் தொகை 28,000 டாலருக்கும் மேல். ஜெயித்த இருவரின் மீன்களைப் பார்த்த போட்டித் தலைவருக்கு ஒரே சந்தேகம். கண்ணால் பார்த்தால் ஒவ்வொன்றும் இரண்டு கிலோவைத் தாண்டாது. தராசோ மூன்று கிலோ என்கிறது. எல்லார் முன்னிலையிலும் கத்தியை எடுத்து வயிற்றைக் கிழித்தார். கத்தரிக்காய்க்குள் நாம் மசாலா அடைப்போமே, அதுபோல உள்ளே ஈயக் குண்டுகள்! குண்டு குலுங்கிச் சத்தம் போடாமல் இருக்கவோ என்னவோ, வேறு மீனின் துண்டுகளையும் கூடவே திணித்திருந்தார்கள். 2023-இல் இருவரும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஆளுக்கு 10 நாள் சிறை; மீன்பிடி உரிமம் 3 வருஷத்துக்கு நிறுத்தம்; படகும் கையை விட்டுப் போயிற்று.

அந்த நாட்டில் எல்லாருமே அப்படி என்று எண்ணிவிடக் கூடாது. 1968-இல் 'பாஸ்' என்ற மீனைப் பிடிப்பவர்களுக்காக ரே ஸ்காட் என்பவர் ஒரு சங்கம் ஆரம்பித்தார். போட்டிக்குப் போட்டி செத்த மீன்கள் குவிவது சரியில்லை என்று 1972 முதல் அந்தச் சங்கப் போட்டிகளில் ஒரு புது ஏற்பாடு வந்தது. பிடித்த மீனைப் படகிலேயே தண்ணீர்த் தொட்டியில் உயிரோடு வைத்திருந்து, எடை பார்த்த பிறகு மறுபடி ஏரியில் விட்டுவிட வேண்டும். செத்த மீனைக் கொண்டுவந்தால் எடையில் கழிவு! ஜெயிப்பதற்காகவாவது மீனைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வார்கள் அல்லவா?

வற்றுகிற கண்மாயில் அந்த முறை பொருந்தாது. பிடிக்காமல் விட்டாலும் சித்திரை வெயிலில் மீன் மடியத்தான் போகிறது. இல்லாவிட்டால் கொக்குக்கும் நாரைக்கும் இரை. ஆகவே நம்முடைய ஏற்பாடு வேறு. பிடித்த மீனை விற்கக் கூடாது; வீட்டில் சமைத்து உண்டு, உற்றார் உறவினருக்கும் கொடுக்க வேண்டும். விற்றால் அடுத்த வருஷம் மழை பொய்க்கும், கண்மாய் பெருகாது என்பது பல ஊர்களில் நம்பிக்கை.

மழைக்கும் மீன் விற்பதற்கும் என்ன சம்பந்தம் என்று உங்கள் கல்லூரிப் பெண் கேட்பாள். கேட்கட்டும். அந்த நம்பிக்கைக்குள் இருக்கிற கணக்கை அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். விற்கக் கூடாது என்றால், வீட்டுச் சட்டி கொள்ளுகிற அளவுக்கு மேல் ஒருவன் எதற்காகப் பிடிப்பான்? மிஞ்சினால் அண்டை வீட்டுக்கும் சம்பந்தி வீட்டுக்கும்தான் போகும். ஒருவருடைய பேராசைக்கு வரம்பு கட்ட, போலீஸ்காரரைவிட மண்சட்டி நன்றாகவே வேலை செய்தது!

இப்போது அந்தச் சட்டிக்குப் போட்டியாக ஒன்று வந்திருக்கிறது. நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைத்தான் சொல்கிறேன். ஐஸ் பெட்டியோடு வண்டி கட்டிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். வெள்ளைத் துண்டு வீசுவதற்கு முதல்நாள் இரவே யாரோ வலை போட்டுவிட்டார்கள் என்றும், வந்த கூட்டம் சேற்றை மிதித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியது என்றும் சில ஊர்களில் மனக்குறை எழுவதுண்டு. ஒருவர் இரவில் திருடினால், மறுநாள் ஆயிரம் பேர் காத்திருந்ததற்குப் பொருளில்லாமல் போகிறது. அடுத்த வருஷம் துண்டுக்கு யார் காத்திருப்பார்கள்?

வலையிலும் நியாயம் உண்டு. ஊத்தாவின் மூங்கில் இடுக்கு வழியாகச் சின்ன மீன் தப்பிவிடும்; கொசுவலையில் பொடிக் குஞ்சும் மிஞ்சாது. மழைக்காலத்தில் விரால் மீன் தன் குஞ்சுகளைச் சிவப்புத் திரளாகக் கூட்டிக்கொண்டு காவல் காக்கும். அந்தத் திரளை அடையாளம் வைத்துத் தாயையோ தகப்பனையோ பிடித்துவிட்டால் அத்தனை குஞ்சும் மற்ற மீன்களுக்கு இரை. தோட்டா போடுவதும் விஷம் கலப்பதும் 1897-ஆம் வருஷத்து இந்திய மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். குத்தகைக்கு விட்ட குளம் என்றால், குஞ்சு வாங்கி விட்டவரின் அனுமதியில்லாமல் இறங்குவதும் திருட்டுத்தான். 'திருவிழா' என்று பெயர் வைத்தால் அது மாறிவிடாது.

கோடை விடுமுறையில் பட்டணத்துப் பிள்ளைகளை ஊருக்கு அழைத்துப் போகிறவர்கள், முடிந்தால் ஒரு முறை இதைக் காட்டுங்கள். ஆழமும் சேறும் தெரிந்த பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். துண்டு அசையும் வரை கையைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே நிறுத்துங்கள். பரபரப்பு தாங்காமல் குதிக்கும், விடாதீர்கள். பக்கத்து ஊத்தாவில் அகப்பட்ட மீன் பக்கத்துக்காரருடையது என்று சொல்லிக்கொடுங்கள். பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்துக்கும் பரீட்சை மண்டபத்துக்கும் அந்தப் பாடம் உதவும்.

வீட்டில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. காலையில் வீராப்பாகப் புறப்பட்டுப் போன வீட்டுக்காரர் சேறு பூசிய வேட்டியோடு, நாலு கெண்டைக் குஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார். "அடுத்த வீட்டு அண்ணன் கையில் முழ நீள விராலாமே!" என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். அந்தப் பேச்சுத்தான் அடுத்த வருஷம் மனிதரை இரவில் வலையோடு கிளப்பிவிடும். பேசாமல் புளியைக் கரைத்து வையுங்கள். கொஞ்ச நேரத்தில் அந்த அண்ணி கிண்ணத்தில் குழம்போடு வந்து கதவைத் தட்டுவாள்.