உயிர் போன பிறகா பராமரிப்பு?

2017 நவம்பர் 1. சென்னை கொடுங்கையூரில் தேங்கிக் கிடந்த மழைநீரில் கால் வைத்த இரண்டு சிறுமிகள் மின்சாரம் பாய்ந்து இறந்தார்கள். அலுவலர்கள் சிலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்.

2025 ஆகஸ்ட் 23. சென்னை கண்ணகி நகர். விடியும் முன் வேலைக்கு வந்த பெண் தூய்மைப் பணியாளர் ஒருவர் தேங்கிய மழைநீரில் கால் வைத்தார். தரைக்கடியில் செல்லும் கேபிளில் இருந்து கசிந்த மின்சாரம் அவரைக் கொன்றது.

இடையில் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள். அதே நகரம். அதே மழைநீர். அதே கசிவு. இந்தச் சாவுகளை விபத்துக் கணக்கில் எழுதி மூடிவிட முடியாது. இவை பராமரிக்காததால் நேர்ந்த சாவுகள். பதில் சொல்ல வேண்டியது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம்.

சென்னையின் பழைய குடியிருப்புகளில், வீடுகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் தெருவோரப் பெட்டிகளான பில்லர் பாக்ஸ்கள் இருக்கும் கோலத்தைப் பாருங்கள். அடித்தகடு துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. கதவுக்குப் பூட்டில்லை, கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே ஃபியூஸ் கேரியர் உடைந்து, கணக்கில்லாத கனத்தில் ஒரு செம்புக்கம்பி முறுக்கிவிடப்பட்டிருக்கிறது. சாலையைச் சுரண்டாமல் அடுக்கடுக்காக உயர்த்திப் போட்டதில் பெட்டி பள்ளத்துக்குள் போய்விட்டது. மழை பெய்தால் கேபிள் முனைகள் தண்ணீரில் மிதக்கின்றன. குழந்தைகள் அதைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போகிறார்கள்.

தெருவில் கசியும் மின்சாரத்தை ஃபியூஸ் நிறுத்தாது. நூறு ஆம்பியருக்கு மேல் தாங்கும் ஃபியூஸ், இரண்டு மூன்று ஆம்பியர் கசிவுக்கு அசையவே அசையாது. மனித உயிர் போக ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். எனவே தெருவில் நடப்பவருக்குக் காவல் மூன்றுதான்: கேபிளின் மேலுறை, இறுக்கமான ஜாயிண்ட், ஒழுங்கான எர்த். மூன்றும் பராமரிப்பில் அடங்கியவை. இது மின் கழகப் பொறியாளர் ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரிந்தும் செய்யவில்லை என்பதே குற்றச்சாட்டு.

வீட்டு இணைப்பு கேட்டு வருபவரிடம் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்.சி.டி. கருவியைப் பொருத்தச் சொல்கிறார்கள். சரியான விதி. வரவேற்கிறோம். ஆனால் வீட்டு வாசலுக்கு வெளியே தன் சொந்தப் பெட்டியில் கசிவதை மின் கழகம் எப்படிக் கண்டுபிடிக்கிறது? இன்று வரை ஆள் விழுந்துதான் கண்டுபிடிக்கப்படுகிறது.

டிரான்ஸ்ஃபார்மர்களின் நிலையும் இதுவே. உள்ளே போகும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பிரீத்தரில் உள்ள சிலிக்கா ஜெல் நீலமாக இருக்க வேண்டும். ஈரம் ஏறினால் வெளுத்து இளஞ்சிவப்பாகும். கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலே தெரியும் கோளாறு இது. அதைக்கூடப் பார்ப்பதில்லை. ஈரம் எண்ணெயில் இறங்குகிறது, காப்புத்திறன் போகிறது, ஒருநாள் டிரான்ஸ்ஃபார்மர் வெடிக்கிறது. நியூட்ரல் தளர்ந்து அறுந்தால் 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்குள் 400 வோல்ட் வரை ஏறும். எரிந்துபோன ஃபிரிட்ஜுக்கும் டி.வி.க்கும் யார் பணம் தருகிறார்கள்?

2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் அருகே களிமேட்டில் சப்பரம் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். சாலையைக் குறுக்கே கடக்கும் உயர் அழுத்தக் கம்பி தரையிலிருந்து குறைந்தது 6.1 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. சாலையை உயர்த்தினால் அந்த இடைவெளி குறையும். சாலை போடுபவர் சொல்லவில்லை என்று மின் கழகமும், மின் கழகம் அளக்கவில்லை என்று சாலை போடுபவரும் கைகாட்டிக்கொள்ள இனி இடமில்லை. கம்பி யாருடையதோ, அளக்கும் கடமையும் அவருடையது.

பராமரிப்புப் பணிக்காக மின்தடை என்ற அறிவிப்பு நாளிதழ்களில் நாள்தோறும் வருகிறது. மக்கள் காலை 9 மணி முதல் பொறுத்துக்கொள்கிறார்கள். மாலையில் தெருவில் கிடப்பது வெட்டிய மரக்கிளை. எர்த் அளந்ததற்கும் எண்ணெய் சோதித்ததற்கும் சான்று எங்கே?

களப்பணியிடங்கள் பல்லாயிரம் காலியாகக் கிடக்கின்றன. மிஞ்சிய வயர்மேனும் ஒப்பந்தத் தொழிலாளியும் கையுறைகூட இல்லாமல் கம்பம் ஏறுகிறார்கள். அவர்களும் சாகிறார்கள். 2022-இல் கட்டணம் உயர்ந்தது. 2024-இல் மேலும் 4.83 விழுக்காடு உயர்ந்தது. இத்தனைக்கும் பிறகு ஒரு கையுறைக்கும் ஒரு பூட்டுக்கும் பணமில்லை என்று சொல்ல யாருக்கும் துணிவு வரக் கூடாது.

உயிர் போனதும் கடைநிலை ஊழியரையும் பிரிவு அலுவலரையும் பணியிடை நீக்கம் செய்வது வழக்கமாகிவிட்டது. புதிய கேபிள் கேட்டு அவர்கள் கடிதம் எழுதியிருந்தால், அது எந்த மேசையில் நின்றது? நிறுத்தியவர் யார்? மின்சாரச் சட்டம் 2003-இன் 161-ஆம் பிரிவு மின்சாவுகளை விசாரிக்க வழி செய்திருக்கிறது. அப்படி நடந்த விசாரணைகளின் அறிக்கைகளை அரசு வெளியிட வேண்டும். கொடுங்கையூரிலிருந்து தொடங்கட்டும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஆய்வுக் கூட்டம் நடத்திப் படம் எடுத்துக்கொள்வது போதாது. ஒவ்வொரு பில்லர் பாக்ஸையும் டிரான்ஸ்ஃபார்மரையும் திறந்து பார்க்க வேண்டும். பள்ளத்தில் கிடப்பவற்றைத் தூக்கிக் கட்ட வேண்டும். எர்த் அளவு, சோதித்த தேதி, பொறுப்பு அலுவலரின் பெயர் மூன்றையும் பெயிண்டால் பெட்டியின் மீதே எழுத வேண்டும். செப்டம்பர் முடிவதற்குள் இது நடக்க வேண்டும். எழுதப்படாத பெட்டி ஒன்று அக்டோபரில் எந்தத் தெருவில் இருந்தாலும், அதற்கு மின் கழகத்தின் நிர்வாக இயக்குநரும் மின்துறை அமைச்சரும் பெயர் சொல்லிப் பதில் தர வேண்டும்.