திருட்டுப் பூட்டு

வீட்டைக் காக்கப் பூட்டு வேண்டும் என்று திருடனிடமே போய்ப் பூட்டு வாங்குவார் உண்டோ? உண்டு. நானே வாங்கினேன்.

கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது, எங்கள் வீட்டுக் கணினிக்கு வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒன்றை நிறுவினேன். விலை கொடுத்து வாங்க வேண்டிய அதனை, மாணவர் மொழியில் 'கிராக்' எனப்படும் பிரதியாக விடுதியிலிருந்து கொண்டுபோயிருந்தேன். "முதலில் கணினியில் உள்ள பாதுகாப்பை நிறுத்துக" என்றது அதனுடன் வந்த குறிப்பு. நிறுத்தினேன். பத்து நாட்களுக்குள் கோப்புகள் யாவும் பூட்டுண்டன. பணம் அனுப்பினால்தான் திறக்கும் என்ற மிரட்டல் திரையில் நின்றது. மறைந்த என் தாத்தாவின் படங்கள் அதில் இருந்தன. அவற்றுக்கு வேறு பிரதி இல்லை. என் தாயார் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. "படித்த பிள்ளை, நீ செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று இருந்துவிட்டேனப்பா" என்றார். அச்சொல் இன்றும் என்னைச் சுடுகிறது.

"ஏழை மாணவன் வேறென்ன செய்வான்?" என்று நண்பர்கள் கேட்கின்றனர். காசு கொடுத்தால்தான் காவல் கிடைக்கும் என்றால் அக்கேள்வியில் நியாயம் உண்டு. உண்மை அதுவன்று. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், வைரஸ் தடுப்பு விண்டோஸுடன் சேர்ந்தே வருகிறது. அன்று நான் என் கையாலேயே நிறுத்திய காவலன் அதுதான்!

மேலும் வேண்டுவோர்க்குக் கட்டற்ற மென்பொருள்கள் இருக்கின்றன. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் அக்குழப்பம் இல்லை. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்திலிருந்து வளர்ந்த இவ்வியக்கத்தில், நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கக் கீபாஸ். ஹார்ட் டிஸ்க்கை மறையாக்கம் செய்ய வெராகிரிப்ட். ஐயத்துக்குரிய கோப்பைச் சோதிக்கக் கிளாம்ஏவி. பயர்பாக்ஸ் உலாவியில் தீய விளம்பரங்களைத் தடுக்க யுபிளாக் ஆரிஜின். இவற்றுள் எதற்கும் ஒரு காசு வேண்டியதில்லை. அவரவர் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

கட்டற்றது யாவும் குற்றமற்றது என்று நான் வாதிடவில்லை. 2024 மார்ச்சில், லினக்ஸில் பயன்படும் எக்ஸ்இசட் என்னும் கட்டற்ற மென்பொருளில் ஒரு கள்ளக்கதவு கண்டுபிடிக்கப்பட்டது. அதை வைத்தவர் ஈராண்டுக்கு மேல் உழைப்பவர்போல் நடித்து நம்பிக்கை பெற்றவர். ஆனால் அது வெளிப்பட்டது எவ்வாறு? தொலைவிலுள்ள கணினியில் நுழைய வழக்கத்தினும் அரை விநாடி கூடுதலாவதைக் கவனித்தார் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர். துருவிப் பார்த்து உலகுக்கு அறிவித்தார். நிரல் திறந்திருந்தமையால் அவரால் பார்க்க முடிந்தது. 'கிராக்' பிரதிக்குள் இருப்பதை யார் பார்ப்பார்? வேலியே பயிரை மேய்ந்தாலும் நமக்குத் தெரியாது.

கருவியினும் பெரிது பழக்கம். 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வானாகிரை, சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைத் தாக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை, அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் பதிப்புகளுக்கு மைக்ரோசாப்ட் மார்ச் 14 அன்றே வழங்கியிருந்தது. இரண்டு மாத அவகாசம் இருந்தும் பலர் அதை நிறுவவில்லை. திருட்டுப் பிரதி வைத்திருப்போர், குட்டு வெளிப்படுமோ என்று அஞ்சி அப்டேட்டையே நிறுத்திவிடுகின்றனர். வந்த மருந்தையும் வாசலிலேயே திருப்பி அனுப்புவது இது.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. புதிய பதிப்பை ஏற்காத பழைய கணினிகள் பல வீடுகளில் உள்ளன. அவற்றிலும் லினக்ஸ் நிறுவலாமே! சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் நம் நாட்டிலேயே பிறந்தது.

நம் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். இயல், இசை, நாடகத்துக்கு மாலைகள் ஒதுக்குகிறோம். அடுத்த விடுமுறைக்கு முன் ஒரு மாலையை இதற்கும் ஒதுக்குவோம். 'கிராக்' பிரதிகளை நீக்கக் கற்போம். நல்ல கருவிகளைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு ஊருக்குச் செல்வோம். வீட்டுக் கணினியில் அவற்றை நிறுவி, முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் படியெடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றித் தனியே வைப்போம். கணினி அறிவியல் பயிலும் அன்பர்கள் முன்வந்தால் மற்றத் துறையினரும் கற்றுக்கொள்வர்.

என் தாத்தாவின் படங்கள் இனி வாரா. பிறர் வீட்டுப் படங்களேனும் பிழைக்கட்டும்.