128 பைட்டில் ஒரு கொரில்லா

1981-இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 'டாங்கி காங்' என்ற விளையாட்டை வெளியிட்டது. காசு போட்டு ஆடும் பெரிய பெட்டி அது. உச்சியில் ஒரு கொரில்லா நிற்கும். அது உருட்டிவிடும் பீப்பாய்களைத் தாண்டித் தாண்டி, சாய்வான உத்தரங்களின் மேல் ஒரு தச்சன் ஏறிச் செல்வான். ஷிகேரு மியாமோட்டோ வடிவமைத்த இவ்விளையாட்டை, வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் 'அட்டாரி 2600' கருவிக்கு ஏற்ப மாற்றி எழுதினார் காரி கிச்சன் என்ற அமெரிக்கர். 1982-இல் அது விற்பனைக்கு வந்தது.

"மூலத்தில் நான்கு கட்டங்கள், இதில் இரண்டே இரண்டு. இது அரைகுறை நகல்" என்பார் உண்டு. தீர்ப்புச் சொல்லுமுன் ஒரு சிறு கணக்குப் போடுவோம்.

அட்டாரியின் படத்தில் குறுக்கே 160 புள்ளிகள். நெடுக்கே சுமார் 192 கோடுகள். மொத்தம் 30,720 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒளிர்கிறதா, இல்லையா என்று குறிக்க மட்டுமே ஒரு பிட் வேண்டும். 8 பிட் ஒரு பைட் ஆதலால், 3,840 பைட் தேவை. கருவியிலிருந்த தற்காலிக நினைவகமோ 128 பைட்! தேவையில் முப்பதில் ஒரு பங்கு. அப்படியானால் முழுப் படத்தை எங்கே வைத்தார்கள்?

எங்கும் வைக்கவில்லை! எலெக்ட்ரான் கற்றை ஒரு கோட்டைக் கடக்க ஆகும் நேரம் சுமார் 64 மைக்ரோ விநாடி. அதற்குள் நுண்செயலி 76 முறை துடிக்கும். ஒரு கட்டளைக்குக் குறைந்தது 2 துடிப்பு. எனவே 38 கட்டளைகளுக்குள் அந்தக் கோட்டின் வேலை முடிய வேண்டும். கோடு கோடாக வருவதை முழுப் படமாக நமக்குக் காட்டுவது பார்வை நீட்டிப்பு.

இன்னொரு சிக்கல். பின்னணி வரையக் கருவி தந்தது 20 பிட் மட்டும். அது திரையின் இடப் பாதிக்கே சரியாகிவிடும். வலப் பாதி அதன் மறுபதிப்பு அல்லது கண்ணாடிப் பிம்பம். சாய்ந்த உத்தரம் இவ்விரண்டிலும் அடங்காது. கிடைமட்டமாகப் போட்டிருந்தால் வேலை எளிது. ஆனால் கிச்சன் சாய்வை விடவில்லை. சாய்தளம் இல்லையென்றால் பீப்பாய் எதற்காக உருள வேண்டும்?

விளையாட்டு முழுவதும் 4,096 பைட்டில் அடங்க வேண்டியிருந்தது. இரண்டு கட்டங்கள் போனது இழப்புத்தான். காசு கொடுத்து வாங்கிய சிறுவனுக்கு அது ஏமாற்றமே. ஆயினும் சாய்வு, உருளல், தாவல் ஆகிய மூன்றும் நின்றன. ஆகவே இதை நல்ல மாற்றம் என்பேன்.

நாமும் தனி ஊசல் கணக்கில் காற்றின் தடையை விட்டுவிடுகிறோம். நூலின் எடையை விடுகிறோம். நூலின் நீளத்தை விட முடியுமா? விட்டால் அலைவு நேரமே இல்லை. 'எனக் கொள்க' என்று விடைத்தாளில் எழுதும்போதெல்லாம், எதை விட்டோம், ஏன் விட்டோம் என்று கேளுங்கள். விடத் தக்கதையும் விடக் கூடாததையும் பிரித்தறியும் பயிற்சி அங்கேதான் தொடங்குகிறது.