தெரிந்ததைச் சொல்லுங்கள் ஐயா!

பேப்பரைப் பிரித்தால் 'ஸ்மார்ட் விமான நிலையம்', 'ஸ்மார்ட் போக்குவரத்து' என்று ஏதாவது ஒரு செய்தி. சென்சார் வைக்கிறார்கள், கேமரா வைக்கிறார்கள், எல்லாவற்றையும் நெட்டில் இணைக்கிறார்கள். நல்லது, வைக்கட்டும். என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். அந்தக் கருவிகளுக்குத் தெரிந்த சங்கதி, காசு கொடுத்து டிக்கெட் வாங்கிய எனக்கு மட்டும் ஏன் தெரிவதில்லை?

ரயில்வேயில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவன் நான். அதில் பாதிக்கு மேல் கண்ட்ரோல் ஆபீஸில். அங்கே மேஜை நிறைய ஒரு வரைதாள் விரிந்திருக்கும். ஒரு பக்கம் நேரம், ஒரு பக்கம் ஸ்டேஷன்கள். மாஸ்டர்கள் போனில் சொல்லச் சொல்ல, வண்டி போகிற கோட்டைப் பென்சிலால் இழுத்துக்கொண்டே வருவோம். கோடு படுத்துவிட்டால் வண்டி எங்கோ நின்றுவிட்டது என்று அர்த்தம். உடனே முன்னால் இருக்கிற ஸ்டேஷன்களுக்குத் தகவல் போகும். அங்கே கரும்பலகையில் சாக்பீஸால் 'தாமதம் 40 நிமிடம்' என்று எழுதிப் போடுவார்கள். ஜனங்கள் ஒரு டீ குடித்துவிட்டு வருவார்கள். எங்களுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான், ஆனால் தெரிந்ததைப் பூட்டி வைக்கவில்லை. இன்றைக்கு இஸ்ரோ உதவியோடு இன்ஜினில் பொருத்திய கருவி 30 விநாடிக்கு ஒரு முறை வண்டி இருக்கும் இடத்தைச் சொல்கிறது. அதை நாமும் போனில் பார்க்க முடிகிறது. (சொந்த வீட்டுப் பாசம் என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள்.)

விமான நிலையத்துக்கு வாருங்கள். பெட்டிகள் விஷயத்தில் ஐயாட்டா என்ற சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கம் 753ஆம் தீர்மானம் என்று ஒன்றை 2018 ஜூனிலேயே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நாம் ஒப்படைக்கும்போது, விமானத்தில் ஏற்றும்போது, வழியில் வேறு விமானத்துக்கு மாற்றும்போது, திருப்பித் தரும்போது என்று நான்கு இடங்களில் பெட்டியைப் பதிவு செய்ய வேண்டும். அதாவது பெட்டி ஏறியதா இல்லையா என்பது அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

போன வருஷம் நானும் வீட்டுக்காரியும் வழியில் விமானம் மாறி ஊர் வந்து சேர்ந்தோம். பெல்ட் சுற்றுகிறது, சுற்றுகிறது, எங்கள் பெட்டியைக் காணோம். முட்டி வலியோடு அவள் முக்கால் மணி நேரம் நின்றாள். பெல்ட் நின்ற பிறகு கவுன்டரில் போய்க் கேட்டால், அந்தப் பையன் நாலு தட்டு தட்டிவிட்டு, "சார், உங்க பேக் அங்கேயே லோடு ஆகலை" என்றான். பத்து விநாடிகூட ஆகவில்லை. அவன்மேல் தப்பில்லை, மரியாதையாகத்தான் பேசினான். ஆனால் நாங்கள் ஆகாயத்தில் இருக்கும்போதே அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரிந்த விஷயம் இது. ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்ப என்ன செலவு? அமெரிக்காவில் டெல்டா நிறுவனம் 2016லேயே பெட்டிச் சீட்டில் ரேடியோ சில்லு வைத்து, பெட்டி எங்கே இருக்கிறது என்று பயணியின் போனிலேயே காட்ட ஆரம்பித்துவிட்டது. ஆக, முடியாத காரியமில்லை.

கருவிகளே வேண்டாம் என்று சொல்லும் கிழவன் இல்லை நான். ஜெர்மனியின் மியூனிக்கில் 2007 முதல் விமான நிறுவனம், கட்டுப்பாட்டுக் கோபுரம், தரைப் பணியாளர்கள் எல்லோரும் ஒரே தகவலைப் பார்த்து வேலை செய்கிறார்கள். ஓடுபாதைக்கு முன்னால் வரிசையில் நின்று எண்ணெயை எரிப்பதற்குப் பதிலாக, முறை வரும் வரை இன்ஜினைப் போடாமல் நிறுத்துமிடத்திலேயே இருக்கலாம். நம் பெரிய விமான நிலையங்களுக்கும் அந்த முறை வந்திருக்கிறது. அருமையான ஏற்பாடு. ஆனால் கிளம்பும் நேரம் தள்ளிப்போனது இத்தனை பேருக்குத் தெரியும்போது, கேட்டில் உட்கார்ந்திருக்கும் நமக்கு மட்டும் பலகையில் பழைய நேரமே தெரிகிறது. போதாக்குறைக்கு 'சத்தமில்லா விமான நிலையம்' என்று பல இடங்களில் அறிவிப்பையும் குறைத்துவிட்டார்கள். கண்புரை ஆபரேஷன் செய்தவர் எத்தனை தடவை எழுந்து போய்ப் பலகையைப் பார்ப்பார்?

நம்மிடமிருந்து வாங்குவதில் மட்டும் தாராளம். 2022 டிசம்பரில் டெல்லி, பெங்களூரு, வாரணாசியில் டிஜியாத்ரா ஆரம்பித்தது. ஆதாரும் முகமும் கொடுத்தால் வாசலில் வேகமாக விடுகிறார்கள். கட்டாயமில்லை என்கிறார்கள், சரி. முகத்தையே கொடுக்கிறவனுக்குப் பெட்டி எங்கே என்று பதில் சொல்லக்கூடாதா?

சென்னையில் மாநகரப் பேருந்து எங்கே வருகிறது என்று காட்டும் செயலியும் 2022இல் வந்தது. என் பேரன் பார்த்துச் சொல்கிறான். ஸ்மார்ட்போன் இல்லாமல் கூடையோடு நிற்கும் பூக்காரம்மாவுக்கு யார் சொல்வது? நிறுத்தத்தில் ஒரு பலகை வைத்தால் அவருக்கும் தெரியும்.

"தகவல் தப்பாகிவிட்டால் பயணிகள் சண்டைக்கு வருவார்களே" என்று இந்தத் துறையில் இருக்கும் ஒரு நண்பர் என்னிடம் சொன்னார். நாங்கள் எழுதிய 40 நிமிடம் பல நாள் 60 ஆகியிருக்கிறது. அழித்துவிட்டு 60 என்று எழுதுவோம். முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான். சண்டை வந்ததெல்லாம் எதுவுமே எழுதாத நாட்களில்தான். 2024 ஜூலை 19 அன்று ஒரு மென்பொருள் கோளாறில் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்தபோது, நம் ஊரில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஜனங்கள் வாங்கிக்கொண்டு ஏறினார்கள்.

ஆகவே பெட்டி ஏறவில்லை என்றால், விமானம் இறங்கும் முன்பே அந்தச் செய்தி என் போனுக்கு வர வேண்டும். கூடுதல் எடைக்கு முன்கூட்டியே பணம் கட்டச் சொல்லும் செய்தி, பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே தவறாமல் வந்துவிடுகிறதே!