கூலி இல்லாத வேலைக்கு ‘அனுபவம்’ என்று பெயரா?

விடியற்காலையில் கவரைப்பேட்டை ரயில் நிலையத்தில் நின்று பாருங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டுக்குப் போகும் தோழர்கள் வடக்கே போகும் வண்டியில் ஏறுவார்கள். எதிர்ப்பக்கம், சென்னை வண்டியில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க நம் பிள்ளைகள் சிலர் ஏறுவார்கள். ஆபீஸ் உத்தியோகம் என்று ஊர் நினைக்கிறது. சம்பளம் என்ன என்று கேளுங்கள். பதில் வராது. ஏனென்றால் சம்பளமே கிடையாது!

‘இன்டர்ன்ஷிப்’ என்று அதற்குப் பெயர். தமிழில் உள்ளகப் பயிற்சி என்கிறார்கள்.

நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் ஒரு தோழரின் மகள் இப்படிப் போய் வந்தாள். இரண்டு மாதம் எங்காவது பயிற்சி பெற்ற சான்றிதழ் காட்டினால்தான் கல்லூரியில் மதிப்பெண். அவளுக்குக் கிடைத்தது சென்னையில் ஒரு மக்கள் தொடர்புக் கம்பெனி. அதன் பெயர் இங்கே வேண்டாம். ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவையெல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும்.

அது என்ன தொழில்?

விளம்பரம் நமக்குத் தெரியும். முதலாளி பணம் கொடுத்துப் பத்திரிகையில் இடம் வாங்குகிறார். படிப்பவனுக்கும் அது விளம்பரம் என்று தெரிகிறது. மக்கள் தொடர்பு என்பது வேறு வித்தை. முதலாளி சொல்ல விரும்புவதை, நிருபர் விசாரித்து எழுதிய செய்தி போலவே வரச் செய்வது. அதற்காகக் கம்பெனிகள் மாதாமாதம் கட்டணம் கட்டுகின்றன.

அந்தப் பெண் செய்த வேலை என்ன? காலையில் எல்லாப் பத்திரிகைகளையும் புரட்டி, வாடிக்கைக் கம்பெனிகளின் பெயர் வந்த இடங்களைச் சேகரிப்பது. அந்த இடத்துக்கு விளம்பரமாகக் கொடுத்திருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று கணக்குப் போடுவது. நிருபர்களுக்குப் போன் செய்து, “எங்கள் செய்தி வருமா?” என்று கெஞ்சுவது. இரவு எட்டு மணிக்கு ரயில். பாஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் அப்பாவின் கூலியிலிருந்து.

ஒரு நாள் ஓர் ஆலையில் நடந்த வேலை நிறுத்தம் பற்றி அறிக்கை தயாரிக்கச் சொன்னார்கள். “வெளிச் சக்திகளின் தூண்டுதலால் ஏற்பட்ட தற்காலிக இடையூறு” என்று எழுத வேண்டுமாம். கூலி உயர்வு கேட்டவர்கள் ‘வெளிச் சக்திகள்’! கூலிக்காரன் மகளை, கூலி கொடுக்காமல், கூலி கேட்பவர்களுக்கு எதிராக எழுத வைத்தார்கள். இதைவிடக் கேவலம் உண்டா?

பிறந்த கதை

இந்தத் தொழிலின் தந்தைகளில் ஒருவர் என்று போற்றப்படுபவர் அமெரிக்காவின் ஐவி லீ. 1914 ஏப்ரல் 20 அன்று கொலராடோ மாகாணத்து லட்லோவில், வேலை நிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் கூடாரங்களைத் துப்பாக்கிப் படை தாக்கித் தீ வைத்தது. கூடாரத்துக்கு அடியில் குழியில் பதுங்கியிருந்த 2 பெண்களும் 11 குழந்தைகளும் மாண்டார்கள். சுரங்கக் கம்பெனி ராக்பெல்லர் குடும்பத்தின் ஆதிக்கத்தில் இருந்தது. ராக்பெல்லர் என்ன செய்தார்? ஐவி லீயை அமர்த்தினார்! லீ துண்டுப் பிரசுரங்களாக வெளியிட்டுத் தள்ளினார். சங்கத் தலைவர்கள் பெற்ற சம்பளத்தை அவை பல மடங்கு ஊதிக் காட்டின. விசாரணைக் கமிஷன் கேட்டபோது, முதலாளிகள் கொடுத்த தகவலைத் தாம் சரிபார்க்கவில்லை என்று லீ ஒப்புக்கொண்டார். எழுத்தாளர் அப்டன் சிங்க்ளேர் அவருக்கு ‘விஷக்கொடி’ என்று பட்டம் சூட்டினார்.

நம் நாட்டுக்கு வருவோம். 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கான மக்கள் செத்தார்கள். யூனியன் கார்பைடு கம்பெனி, பர்சன்-மார்ஸ்டெல்லர் என்னும் அமெரிக்க மக்கள் தொடர்புக் கம்பெனியின் உதவியை நாடியது. பிறகு, அதிருப்தி கொண்ட ஒரு தொழிலாளியின் நாசவேலைதான் காரணம் என்று யூனியன் கார்பைடு வாதாடியது. செத்தவன் ஏழை, பழியும் ஏழை மேல்!

சட்டம் யார் பக்கம்?

“கற்றுக்கொள்கிறவர்களுக்குக் கூலி எதற்கு? அனுபவம்தானே பெரிய சொத்து?” என்கிறார்கள் மேதாவிகள்.

நடவுக்கு முதன்முதலில் வரும் பெண்ணும் அம்மாவின் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்கிறாள். சாயங்காலம் அவளுக்குக் கூலி உண்டு. அரைக்கூலி கொடுத்த பண்ணையாரைக்கூட நாம் சும்மா விட்டதில்லை. காசே கொடுக்காதவரைக் கும்பிட வேண்டுமா?

இது ஆபீஸ் பிள்ளைகளின் சங்கதி என்று ஆலைத் தோழர்கள் ஒதுங்க வேண்டாம். உலையின் முன்னால் நிற்கும் உங்கள் மகனையும் ‘அப்ரண்டிஸ்’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம் அவனைப் பயிற்சி பெறுபவன், தொழிலாளி அல்ல என்கிறது. ஆனால் 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், தொழிலாளி என்ற சொல்லில் அப்ரண்டிஸையும் சேர்த்தது. 2020-இல் நிறைவேற்றிய தொழில் உறவுத் தொகுப்பு அவனை வெளியே தள்ளியது. 2025 நவம்பர் 21 அன்று அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஆபீஸில் இன்டர்னாக இருக்கும் மாணவிக்கோ, அந்த 1961 சட்டத்தின் உதவித்தொகை கூட எட்டுவதில்லை.

ஒன்றிய சர்க்கார் 2024-இல் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தை அறிவித்தது. ஐந்து ஆண்டுகளில் ஒரு கோடி இளைஞர்களுக்குப் பயிற்சி என்றது. அப்போது அறிவித்த தொகை மாதம் 5,000 ரூபாய். அதில் 4,500 சர்க்கார் பணம், அதாவது நம் பணம். வேலை வாங்கும் பெருங்கம்பெனி தர வேண்டியிருந்தது 500! முழுநேர மாணவர்களுக்கோ அப்போது அதுவும் இல்லை.

“உங்கள் கட்சியில் மட்டும் சும்மா வேலை செய்யவில்லையா?” என்று கேட்பார்கள். செய்கிறோம். தன் வர்க்கத்துக்காக, தன் மனத்தால் ஒருவன் சுவரொட்டி ஒட்டுகிறான். அதை யாரும் விற்று லாபம் சம்பாதிப்பதில்லை. அங்கேயோ, அந்தப் பெண் தயாரித்த அறிக்கைக்கு வாடிக்கைக் கம்பெனியிடம் காசு வாங்கினார்கள். அவள் கையில் கொடுத்தது ஒரு காகிதம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டு மாதம் காசில்லாமல் யாரால் வேலை செய்ய முடியும்? வசதி படைத்தவர் பிள்ளைகளால்தான். ஆகவே, செய்தி தயாராகும் அறைகளில் அவர்களே நிறைவார்கள். அரிவாள் பிடித்த கை எது, பேனா பிடித்த கை எது என்று மறுபடியும் பிரித்துவிடுவார்கள்.

ஆகவே நாம் கோருவது: வேலை வாங்கினால் கூலி கொடு! அப்ரண்டிஸையும் இன்டர்னையும் தொழிலாளி என்று சட்டத்தில் எழுது! மதிப்பெண்ணைக் காட்டிக் கூலியில்லா வேலைக்கு மாணவரை அனுப்பாதே!

தோழர்களே! உங்கள் வீட்டுப் பிள்ளை இன்டர்ன்ஷிப் போனால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எத்தனை மணி நேர வேலை? எவ்வளவு கூலி? யாருக்காக, யாருக்கு எதிராக எழுதச் சொல்கிறார்கள்? பதிலைச் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள்.

அந்தப் பெண் கொண்டு வந்தாள். அதனால்தான் இந்தக் கட்டுரை.