வடகடற் செலவு

கோடை விடுமுறையை மனைவி மக்களுடன் கப்பலிற் கழித்தல் மேல்நாட்டாரிடைப் பெருகிவரும் வழக்கமாகும். அவர் நாடிச் செல்லும் இடங்களுள் அலாஸ்காவின் தென்கிழக்குக் கடற்கரை தலையாயதொன்று. சியாட்டில், வான்கூவர் முதலிய துறைகளினின்று புறப்பட்டு, தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட குறுகிய நீர்வழியே வடக்கு நோக்கிச் செல்லும் பெருங்கப்பல்களில் ஈராயிரவரும் மூவாயிரவரும் ஒருங்கே ஏறிச் செல்கின்றனர். அமெரிக்காவிற் குடியேறிய நம் நாட்டினரும் தம் சிறாருடன் இச்செலவை மேற்கொள்ளக் காண்கின்றோம். இது நன்றோ தீதோ என்பது பற்றி நம் கருத்தை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

நன்றென்றே தொடங்குவோம். மலைபோல் நிற்கும் பனிச்சுவரினின்று ஒரு பாறை பிளந்து கடலில் வீழும் ஓசையை ஒரு சிறுவன் தன் தாய் தந்தையரோடு நின்று கேட்பானாயின், பூகோள நூலில் அவன் நெட்டுருச் செய்த பாடமெல்லாம் அந்நொடியிற் பொருள் பெறும். இத்தகைய காட்சியைச் செல்வம் படைத்தோர் தம் மக்களுக்குக் காட்டுவதை வீண் ஆடம்பரமென்று இகழ்வாரோடு நாம் உடன்படோம். ஆயினும், போவோர் எங்ஙனம் போகின்றனர் என்பதைப் பொறுத்தே இதன் நன்மை தீமை அமையும். இதற்கு நூற்றாண்டுக்கு முந்திய ஒரு குடும்பத்தின் யாத்திரையே தக்க சான்றாகும்.

அமெரிக்க இருப்புப்பாதைத் தலைவருள் ஒருவராகிய எட்வர்டு ஹாரிமன் என்பார், மருத்துவர் ஓய்வுகொள்ளுமாறு கூறியதன்பேரில், 1899-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் மனைவியுடனும் ஐந்து மக்களுடனும் சியாட்டிலினின்று கப்பலேறினார். பிறராயின் தம் நண்பரை அழைத்துச்சென்று சீட்டாடிப் பொழுது போக்கியிருப்பர். இவரோ செடிநூல், விலங்குநூல், நிலநூல் ஆகியவற்றில் வல்லாரையும், ஓவியரையும், எட்வர்டு கர்ட்டிஸ் என்னும் புகைப்படக் கலைஞரையும் தம் செலவிலேயே உடன் கொண்டார். பனியாறுகளை ஆராய்ந்து புகழ்பெற்ற ஜான் மூரும், இயற்கையைப் பற்றி எழுதிவந்த ஜான் பர்ரோஸும் அக்கூட்டத்திலிருந்தனர். கப்பலில் நூல்நிலையம் ஒன்றிருந்தது. பாலுக்கெனப் பசுவும் ஏற்றப்பட்டது. மாலைதோறும் அறிஞர் விரிவுரை ஆற்றினர். ஏழு வயதுச் சிறுவன் ஆவெரல் அவற்றுள் எத்தனைக்கு உறங்காமல் இருந்தானோ அறியோம். அவனே பிற்காலத்தில் ருஷியாவில் அமெரிக்கத் தூதராகவும், நியூயார்க்கு மாகாணத்தின் கவர்னராகவும் விளங்கியவன். இரண்டு திங்கள் கழித்துக் கப்பல் மீண்டது. அதன் பயனாகப் பல தொகுதிகள் கொண்ட நூல்வரிசை வெளியாயிற்று. சால்மன் மீனை வரம்பின்றிப் பிடித்துத் தகரத்தில் அடைக்கும் தொழில் அம்மீனினத்தையே அழித்துவிடும் என்று கிரின்னல் என்பார் அதில் எச்சரித்திருந்தார்.

ஒரு குடும்பத்தின் ஓய்வு இத்துணைக் கல்விக்கு இடமாயிற்று என்பது வியக்கத்தக்கதே. ஆயினும் அதே கப்பல் செய்த வேறு செயல்களும் உள. ஹாரிமனுக்குக் கரடி வேட்டையில் வேட்கை மிகுதி. கோடியாக்குத் தீவில் தாய்க்கரடி ஒன்றையும் அதன் குட்டியையும் சுட்டு வீழ்த்தி அவ்வேட்கையைத் தணித்துக்கொண்டார். அதனினும் பெரியதொன்று திரும்பும் வழியில் நிகழ்ந்தது. கேப் ஃபாக்ஸ் என்னுமிடத்தில் திலிங்கிட் மக்களின் ஊரொன்று ஆளின்றிக் கிடந்தது. வீடுகளின் முன் விலங்கும் பறவையும் செதுக்கிய நெடிய குலமரபுத் தூண்கள் நின்றன. கற்றறிந்தோர் நிறைந்த அக்கூட்டத்தார், ஊர் கைவிடப்பட்டதென்று தாமே முடிவு கட்டி, தூண்கள் பலவற்றைப் பெயர்த்துக் கப்பலில் ஏற்றினர்; அவை பல காட்சிச்சாலைகளுக்குச் சென்றன. அவ்வூரார் சில ஆண்டுகளுக்கு முன்னர் வேறூர்க்குக் குடிபெயர்ந்திருந்தனர். ஊரைவிட்டுப் போனாரேயன்றித் தம் முன்னோர் நினைவாக நட்ட தூண்களை அவர் துறந்தாரல்லர். கேட்பதற்கு ஒருவரும் அருகில் இல்லாமையை உடையவர் இல்லாமையாகக் கொள்ளுதல் கற்றார்க்கும் நேரும் பிழைபோலும்!

நிற்க. இன்று செல்வோர் துப்பாக்கி கொண்டு செல்வதில்லை, தூண்களைப் பெயர்ப்பதுமில்லை. அவ்வாறாயின் அவர்பால் குறை யாது என்று வினவலாம். ஹாரிமன் சென்று கண்ட பனியாற்று விரிகுடாவையே எடுத்துக்கொள்வோம். 1794-இல் வான்கூவரின் மாலுமிகள் வந்தபோது அவ்விரிகுடா ஏறத்தாழ முழுதும் பனியால் அடைபட்டிருந்தது. 1879-இல் மூர் வந்தபோது பனி நாற்பது மைலுக்கு மேல் உள்வாங்கியிருந்தது. அக்காலத்துப் பின்வாங்கலை மனிதர்மேற் சுமத்துதல் பொருந்தாது. ஆனால், அலாஸ்காவின் பனியாறுகள் இன்று உருகும் விரைவிற்குப் பெருங்காரணம் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நாம் காற்றிற் கலக்கும் கரியமிலவாயுவே. மூரின் பெயர் தாங்கிய பனியாறு இப்பொழுது கடலைத் தொடுவதேயில்லை. பனியைக் காணச் செல்லும் கப்பல் பனியை உருக்கும் புகையைக் கக்கிக்கொண்டே செல்கின்றது. மேல்தட்டில் நிற்போர்க்கு அது தெரிவதில்லை.

அவ்விரிகுடாவுக்கும் உடையவர் உளர். பனி முன்னேறி வந்து தம் ஊர்களை விழுங்க, ஹூனா திலிங்கிட் மக்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கிருந்து வெளியேறினர். பனி விலகியபின் மீண்டும் மீன்பிடிக்கவும் கனி பறிக்கவும் வந்தனர். 1925-இல் அரசினர் அதனைக் காப்பிடமாக்கிய பின்னர் அவ்வுரிமைகள் பலவற்றிற்குத் தடை நேர்ந்தது. 2016-இல்தான் அம்மக்களின் குலமனை ஒன்று அங்கு எழுந்தது. அவ்விரிகுடாவுள் நாளொன்றுக்கு இரண்டு பெருங்கப்பல்களே புகலாம் என்பது விதி. காப்பாளர் படகில் வந்து கப்பலேறி அவ்விடத்தின் வரலாற்றைப் பயணிகளுக்கு எடுத்துரைக்கின்றனர். இதனினும் சிறந்த ஏற்பாட்டை நாம் கேள்வியுற்றதில்லை.

தலைநகராகிய ஜூனோவின் நிலை வேறு. வெளியூர்களுடன் இணைக்கும் சாலையில்லாத அச்சிற்றூரில் வாழ்வோர் முப்பத்தீராயிரவர்க்குக் குறைந்தோரே. அங்கு 2023-இல் கப்பல்வழி வந்திறங்கியோர் 16 இலட்சத்துக்கு மேற்பட்டோர். பெரிய கப்பல்கள் நாளொன்றுக்கு ஐந்துக்கு மேல் வாரா என 2024 முதல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. சனிக்கிழமைகளிற் கப்பலே வேண்டா என்று சிலர் கொணர்ந்த தீர்மானத்தை அவ்வாண்டு அக்டோபரில் ஊர்மக்களே வாக்களித்துத் தள்ளினர். நம்முட் சிலர்க்கு இது வியப்பாயிருக்கலாம். நமக்கு வியப்பில்லை, குளிர்காலம் முழுவதும் கடையடைத்திருப்போர்க்குக் கோடை வருவாயின் அருமை தெரியும். ஹூனா ஊரார் பழைய மீன் பதனிடும் சாலையொன்றைச் செப்பனிட்டு, 2004 முதல் தாமே கப்பல்களை வரவேற்று வாழ்கின்றனர். ஆகவே, ஒருவரும் செல்லலாகாது என்று தொலைவிலிருந்து விதிப்பது, அவ்வூராரைக் கேளாமலே முடிவுசெய்வதாகும். எத்துணைப்பேர் வரலாம், எப்பொழுது வரலாம் என்பதை அங்கு வாழ்வோரே வரையறுத்தல் வேண்டும். அவ்வரையறையால் கட்டணம் உயருமாயின் பயணிகள் அதனை ஏற்றல் வேண்டும் என்பதே நாம் கூறுவது.

பெற்றோர்க்கு ஒரு சொல். கப்பலுள் நீச்சற்குளமும் நாடகசாலையும் உண்டிச்சாலைகளும் பல உள. பனியாற்றின் எதிரே கப்பல் நிற்கும் அச்சில மணிநேரத்திலேனும் குழந்தைகளை அவற்றினின்று வெளிக்கொணர்ந்து, காப்பாளர் கூறுவதைக் கேட்பித்தல் அரிதன்று. ஹாரிமனிடம் நாம் கற்கத்தக்கது அவ்வொன்றே.

அவர் கொண்டுபோன தூண்களோ நூறாண்டுக்கு மேல் காட்சிச்சாலைகளில் நின்றன. 2001-ஆம் ஆண்டு அறிஞர் சிலர் பழைய வழியே மீண்டும் கப்பலிற் சென்றபொழுது, அத்தூண்கள் கேப் ஃபாக்ஸ் மரபினரிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டன. பெற்றுக்கொண்டோர் வெறுங்கையராய் அனுப்பவில்லை. தூண் இழந்த காட்சிச்சாலைகளுக்குத் தம் காட்டுச் செந்தேவதாரு மரங்களை ஈந்தனர். ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்தின் பீபாடிக் காட்சிச்சாலைக்குச் சென்ற மரத்தில் நேதன் ஜாக்சன் என்னும் திலிங்கிட் சிற்பி புதியதோர் தூணைச் செதுக்கினார்.